கடைசி ஆள் வரட்டும்

விடியற்காலை நாலே முக்காலுக்கு மருமகன் வந்து என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஆட்டினான். “மாமா, எந்திரிங்க. அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும்.”

முந்தின ராத்திரி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான்தான். போர்ட் பிளேரின் லம்பா லைனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. செல்லுலர் சிறைக்குப் போய் வந்தாயிற்று. கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் கால் நனைத்தாயிற்று. அக்கா வைக்கிற மீன்குழம்பில் காரைக்குடி மாறாமல் இருக்கிறதா என்று பரிசோதித்தும் ஆயிற்று. “ஞாயித்துக்கெழம சைக்கிள் ரைடு இருக்கு, சிடியா டாப்பு வரைக்கும்” என்று மருமகன் சொன்னபோது சும்மா இருந்திருக்கலாம். “எத்தனை கிலோமீட்டர்?” என்று கேட்டேன். “போக வர நாப்பத்தஞ்சு, அம்பது வரும்.” “இவ்வளவுதானா? நாங்கல்லாம் அந்தக் காலத்துல...” வாக்கியம் முடியுமுன்னே அத்தான் எழுந்துபோய் யாருக்கோ போன் போட்டார். பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு சைக்கிளும் ஹெல்மெட்டும் ஏற்பாடாகிவிட்டன. அத்தான்மார்களுக்கு இந்த மாதிரி காரியங்களில் தனி சுறுசுறுப்பு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு ஐம்பது காசு வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். முட்டியில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. பிறகு அப்பாவின் ஹெர்குலிஸ். அரிசி மூட்டை, தங்கச்சி, கேஸ் சிலிண்டர் எல்லாம் அதன் கேரியரில் போயிருக்கின்றன. கூட்டமாக ஓட்டியது என்றால், பள்ளிக்கூடம் விட்டு நாலு பேர் தோளில் கைபோட்டு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்து லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். ஒரு ஏற்பாட்டின்படி, ஒழுங்கோடு, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஓட்டியதே இல்லை. சைக்கிளைக் கடைசியாகத் தொட்டு இருபது வருஷம் இருக்கும்.

வாசலில் நின்ற சைக்கிளைப் பார்த்ததும் முதல் சந்தேகம் வந்தது. இதற்கு ஸ்டாண்டு இல்லை. கேரியர் இல்லை. மட்காடும் இல்லை. முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று இருபத்தோரு கியர். “ஸ்டாண்டு இல்லாம எங்கப்பா நிறுத்துறது?” “செவத்துல சாத்துங்க மாமா.” “செவுரு இல்லாத எடத்துல?” “படுக்கப்போடுங்க.” அப்பா இருந்திருந்தால் சைக்கிளைத் தரையில் படுக்கவைக்கிறவன் வீட்டில் சோறு உண்டா என்று கேட்டிருப்பார்.

லம்பா என்றால் இந்தியில் நீளம். போர்ட் பிளேரில் லைன்களுக்குக் குறைவில்லை. ஸ்கூல் லைன் உண்டு, போலீஸ் லைன் உண்டு. எங்கள் லைன் விமான நிலையத்தை ஒட்டிக் கிடப்பது. 2023 ஜூலையில் திறந்த புது முனையத்தின் சிப்பிக் கூரையை வருகிறவர்கள் எல்லாம் படமெடுக்கிறார்கள். அக்கா வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்ட அப்பளத்துக்கு மேலே நாளெல்லாம் விமானம் போகிறது. ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரர் இன்னும் ‘பிளேர்’ என்றுதான் சொல்கிறார்.

விமான நிலையத்தின் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் நாங்கள் கூட வேண்டிய இடம். இருட்டு விலகவில்லை. சைக்கிள்களின் பின்னால் சிவப்பு விளக்குகள் மின்மினி மாதிரி விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தன. அந்தச் சுவருக்கு உள்ளே இருக்கும் ஓடுதளத்தின் கதை 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை இந்தத் தீவில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறது. தீவு மக்களைப் பிடித்து வேலை வாங்கி இங்கே தளம் போட்டார்கள். 1943 டிசம்பர் 29 அன்று நேதாஜி விமானத்தில் போர்ட் பிளேர் வந்து இறங்கினார். மறுநாள் கொடியேற்றினார். பஞ்சமும் சித்திரவதையுமாகக் கழிந்த அந்த மூன்றரை வருஷத்தைப் பற்றித் தீவின் பழைய குடும்பங்களில் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள்.

சைக்கிள் கூட்டம் நிற்கிற இடத்தில் ஜப்பானியர் நினைவு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1941 டிசம்பர் 8 அன்று மலேயாவில் இறங்கிய அவர்கள் எழுபது நாளில் சிங்கப்பூரைப் பிடித்தார்கள். காலாட்படையில் பெரும்பகுதி போனது சைக்கிளில். கையோடு கொண்டுவந்தது போக, வழியில் ஊர்க்காரர்களிடம் பிடுங்கியதும் சேர்ந்தது. வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மிலேயே தார் ரோட்டில் ஓட்டினார்களாம். ராத்திரியில் அந்தக் கடகடச் சத்தத்தைக் கேட்டு டாங்கி வருகிறது என்று எதிர்த்தரப்பு பின்வாங்கியதாகச் சொல்வார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் பார்த்த முதல் பெரிய சைக்கிள் கூட்டம் அதுவாகத்தான் இருந்திருக்கும். நல்ல வேளையாக எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் டயர் இருந்தது.

இருபத்தெட்டுப் பேர். கல்லூரிப் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், கடற்படையில் வேலை பார்க்கிற இரண்டு பேர், வங்காளி, மலையாளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர்கள், நிக்கோபாரிப் பையன் ஒருவன். அந்தமானில் எந்தப் பத்துப் பேரை நிறுத்தினாலும் ஆறு பாஷை கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். பொதுவில் புழங்குவது மட்டும் தீவுக்கே உரிய ஓர் இந்தி. அதில் ஆண்பால் பெண்பால் பிசகினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. எனக்குப் பிடித்த இந்தி அது.

முன்னால் நின்ற வங்காளிப் பையனுக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவன்தான் லீட். அவனைத் தாண்டி யாரும் போகக் கூடாது. கடைசியில் ஒருவர் வருவார், அவர் ஸ்வீப். அவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. ஒற்றை வரிசை, இடப்பக்கம். குழி வந்தால் முன்னால் போகிறவர் ‘கட்டா’ என்று கத்திக் கையால் காட்ட வேண்டும். பின்னால் வண்டி வந்தால் கடைசி ஆள் ‘பீச்சே காடி’ என்று சொல்ல, அது வாய்வழியாக முன்னால் வரை போக வேண்டும். சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்த்தான் என்று நான் நினைக்கிறேன். மருமகன் இல்லை என்கிறான்.

பிறகு எண்ணிக்கை. வரிசையாக நின்று ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். ஏக், தோ, தீன் என்று ஓடிவந்தது. பத்தொன்பது, இருபதைத் தாண்டும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. இந்தியில் இருபதுக்கு மேல் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனிப்பெயர். அவற்றைக் கண்டுபிடித்தவர் வெளியூர்க்காரர்கள்மேல் ஏதோ கோபத்தில் இருந்திருக்கிறார். முன்னால் இருந்தவர் ‘சப்பீஸ்’ என்றார். நான் ‘இருபத்தேழு’ என்றேன். சிரிப்பு. எனக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், “சத்தாயீஸ்னு சொல்லுங்க தம்பி” என்றது. பிறகு அதே குரல் உரக்க, “அட்டாயீஸ்!”

ஸ்வீப் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய அக்கா. சுடிதார், கான்வாஸ் ஷூ, ஹெல்மெட்டுக்குக் கீழே கனகாம்பரம். கியர் சைக்கிள்தான், ஆனால் பின்னால் ஒரு கேரியர் மாட்டி, அதில் பம்ப், டியூப், சொல்யூஷன் டப்பா, ஒரு எவர்சில்வர் தூக்கு எல்லாம் ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்தக் கேரியரைப் பார்த்ததும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்தது மாதிரி இருந்தது.

ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். இந்தத் தீவு கிழக்கே வெகுதூரம் தள்ளிக் கிடக்கிறது, கடிகாரமோ இந்தியா முழுவதற்கும் ஒன்று. பிப்ரவரியில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடுகிறது, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. காலை நேரத்தைத் தூங்கித் தொலைப்பவனுக்கு அந்தமானில் பாதி நாள் நஷ்டம் என்பது அத்தானின் பொருளாதாரம்.

டாலிகஞ்ச் சந்திப்பைத் தாண்டியபோது தனியாக ஓட்டுவதற்கும் இதற்கும் உள்ள முதல் வித்தியாசம் தெரிந்தது. தனியாகப் போகும்போது ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறோம். இங்கே பார்ப்பதெல்லாம் முன்னால் போகிறவரின் பின்சக்கரம், அவர் முதுகு, அவர் கை. அவர் தோள் அசைவதிலிருந்து ரோட்டைப் படிக்க வேண்டும். ‘கட்டா’ என்று முன்னால் எங்கோ கத்துகிறார்கள். கட்டா, கட்டா, கட்டா என்று சத்தம் என்னை நோக்கி ஓடிவருகிறது. நானும் கத்திவிட்டுக் கையைக் காட்டுகிறேன். குழியை என் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே ஐந்தாறு பேர் எனக்காகப் பார்த்துவிட்டார்கள். காராசர்மா சந்தையில் கடை திறந்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு டீக்கடைப் பையன் ஒவ்வொரு சைக்கிளாக எண்ணினான். இருபத்தேழு என்று அவன் சொன்னபோது என்னைத்தான் சொன்னான். சத்தாயீஸ், சத்தாயீஸ் என்று பெடலுக்கு ஒருமுறை சொல்லிப் பாடமாக்கிக்கொண்டே போனேன்.

நகரம் விட்டதும் ஏற்றம் ஆரம்பித்தது. அந்தமானில் சமதரை என்பதே மலைகளுக்கு நடுவே கொசுறாகக் கிடைப்பதுதான். முக்கால்வாசித் தூரம் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறோம், அல்லது இறங்கிக்கொண்டிருக்கிறோம். முன்னால் போன பிள்ளைகள் எழுந்து நின்று மிதித்து வளைவில் மறைந்தார்கள். நான் பழைய பழக்கத்தில் பல்லைக் கடித்து மிதித்தேன். ஏறவில்லை என்றதும் கைக்கு அகப்பட்ட கியரை எல்லாம் தட்டினேன். கடக் என்று ஒரு சத்தம். பெடல் காற்றில் சுற்றியது. செயின் கழன்று தொங்கியது.

பின்னால் வந்த அக்கா இறங்கினார். “ஏத்தம் தொடங்குறதுக்கு முன்னாடியே மாத்திடணும் தம்பி. அழுத்தி மிதிச்சுக்கிட்டே மாத்துனா செயின் கோவிச்சுக்கும்.” ரோட்டோரத்தில் கிடந்த ஒரு குச்சியை எடுத்தார். பின்சக்கரத்துக்குக் கீழே தொங்கும் கியர்க் கையை இடது விரலால் முன்பக்கமாகத் தள்ளினார். செயின் தளர்ந்து கொடுத்தது. குச்சியால் அதைத் தூக்கி, முன்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் நாலைந்து பற்களில் உட்காரவைத்தார். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் மெல்லச் சுற்றினார். மீதிச் செயின் தானாகப் போய் உட்கார்ந்தது. அரை நிமிடம் ஆகியிருக்காது. கையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. நான் பிடித்துக்கொண்டு மட்டும் நின்றவன், என் இரண்டு கையும் கருப்பு.

“எங்க அக்கா கத்துக்கிட்டீங்க?”

“சைக்கிளா? ஊர்ல. அறிவொளில.”

புதுக்கோட்டைப் பக்கம், அன்னவாசலை ஒட்டிய ஒரு கிராமம். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. கணவர் கொத்தனார். ஜங்லிகாட்டில் இட்லிக் கடை. ஞாயிற்றுக்கிழமை கடையை மருமகள் பார்த்துக்கொள்வாளாம்.

அந்த அறிவொளி என்ன என்று இந்தத் தலைமுறைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் முதியோருக்கு எழுத்தறிவு கொடுக்கும் இயக்கம் தொடங்கியபோது ஷீலா ராணி சுங்கத் அங்கே கலெக்டர். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்களிலும் பெண்கள் ஏராளம். ராத்திரி வகுப்பு முடிந்து அடுத்த ஊருக்கு எப்படிப் போவது? பஸ் கிடையாது. அண்ணனோ அப்பாவோ கூட்டிப்போனால்தான் உண்டு. சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி முகாம்கள். சைக்கிள் வாங்க வங்கிகளைப் பிடித்துக் கடன் கொடுக்க வைத்தார்கள். குடுமியான்மலைக் கல்குவாரிகளில் ஜல்லி உடைத்த பெண்கள்கூட வேலை முடிந்து பழகினார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். 1992 மகளிர் தினத்தையொட்டி நடந்த பேரணியில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடியைக் கட்டிக்கொண்டு பெல்லை அடித்தபடி புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஊர் வாயைப் பிளந்தது.

“அதுல நான் இருந்தேன்” என்றார் அக்கா. “பத்தொம்போது வயசு. ஓட்டக் கத்துக்கிட்டு ரெண்டு மாசம்கூட ஆகல. எனக்கு முன்னாடியும் சைக்கிளு, பின்னாடியும் சைக்கிளு. பெல்லு சத்தத்துல காது அடைச்சுப்போச்சு. விழுந்துருவோமோன்னு பயம் ஒரு பக்கம். ஆனா விழவே இல்ல. விழ எங்க எடம் இருந்துச்சு?”

அதே 1992இல், செப்டம்பர் மாதம், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஐம்பது பேர் வேலை முடிந்து ஒன்றாகச் சைக்கிளில் கிளம்பினார்கள். கார்களுக்கு நடுவே நாங்களும் ரோட்டில் இருக்கிறோம் என்று காட்ட. ‘கிரிட்டிகல் மாஸ்’ என்று அதற்குப் பெயராகி, பிறகு உலகத்தின் எத்தனையோ நகரங்களில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைகளில் நடக்கத் தொடங்கியது. சைக்கிள் கூட்டங்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த ஐம்பது பேரை விடாமல் குறிப்பிடுகிறார்கள். ஆறு மாதம் முன்னால், முப்பது மடங்கு பெரிய கூட்டம் ஒன்று புதுக்கோட்டை வீதிகளில் போயிருப்பதை நம்மவர்களே மறந்துவிட்டோம். அந்தப் பெண்கள் சொன்னதும் ஏறக்குறைய அதே செய்திதான். எதிரே நின்றவை கார்களாக இல்லை, அவ்வளவுதான்.

“கிண்டல் பண்ணலயா?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“பண்ணாம? பஸ் ஸ்டாண்டுல, டீக்கடையில நின்னுக்கிட்டு என்னென்ன பேச்சு! அந்தப் பயலுவல்லாம் இப்ப எங்க இருக்கானுவளோ.”

நான் குனிந்து செயினைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் பரீட்சை லீவுக்குத் திருமயத்தில் சித்தி வீட்டில் இருந்த நான், சாயங்காலம் சைக்கிள் பழக வந்த பெண்களைப் பார்த்து விசிலடித்த ஐந்து பேரில் ஒருவன். பதினேழு வயது. ஒரு பெண் தடுமாறி வேலிக்குள் விழுந்தபோது கைதட்டினோம். அதை அக்காவிடம் சொல்லவில்லை. இன்னும் நாற்பது கிலோமீட்டர் இருந்தது, பம்ப் அவரிடம்தான் இருந்தது.

ஏற்றத்தின் உச்சியில் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததும் ஒரு பையன் கையைத் தட்டி, “சலோ, சலோ” என்று சைக்கிளைத் திருப்பினான். அக்கா ஒரு அதட்டுப் போட்டார். இந்தியில் அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் எல்லாம் பத்து நிமிடமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் களைப்பாறிவிட்டீர்கள். இப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவரை உடனே ஓட்டினால், ஓய்வு தேவைப்படாதவனுக்கு ஓய்வு, தேவைப்படுகிறவனுக்கு அது இல்லை என்று ஆகிறது. கடைசி ஆள் வந்த பிறகு ஐந்து நிமிடம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும்.

எத்தனையோ அலுவலகங்களில், எத்தனையோ வகுப்பறைகளில் இருந்திருக்கிறேன். இந்தச் சின்னக் கணக்கு யாருக்கும் தோன்றியதில்லை. மெதுவாக வருகிறவருக்காகக் காத்திருந்தோம் என்று பெருமையாகச் சொல்வோம். அவர் வந்ததும் கிளம்பிவிடுவோம். அவர் மேலும் மெதுவாவார். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே தப்பு என்போம். நான் அந்த ஐந்து நிமிடத்தையும் முழுசாக, ஒரு விநாடி மிச்சம் வைக்காமல் உட்கார்ந்து கழித்தேன்.

அடுத்து வந்த ஊர் ஒன்றின் பெயர் காலிகட். அந்தமானில் கோழிக்கோடு. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு மலபாரிலிருந்து இங்கே அனுப்பப்பட்டவர்கள் தங்கள் ஊர்ப்பெயர்களைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். வண்டூர், மன்னார்காட், திரூர், மஞ்சேரி எல்லாமே தெற்கு அந்தமானில் இருக்கின்றன. எங்கள் கூட்டத்து மலையாளி ஊர்ப்பலகை முன்னால் நின்று அவசரமாக ஒரு படம் எடுத்துக்கொண்டார். திருச்சூர்க்காரரான அவர் நிஜக் கோழிக்கோட்டுக்கு இன்னும் போனதில்லையாம்.

மருமகன் கொஞ்ச தூரம் என்னோடு வந்தான். வடக்கே டிரங்க் ரோட்டில் ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டேன். ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜார்வா மக்களின் காப்பகம். கார், பஸ் எல்லாமே குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. “அதுவும் ஒரு குரூப் ரைடுதான் மாமா. ஆனா கடைசி ஆளுக்காக யாரும் நிக்க மாட்டாங்க.”

பேத்னாபாத் தாண்டி ஒரு நீண்ட இறக்கம். பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். ஒரு மணி நேரம் பட்டதற்கெல்லாம் வட்டியோடு திருப்பித் தருகிற இறக்கம். காற்று காதுக்குள் புகுந்து கத்தியது. நாலு பேரைத் தாண்டினேன், ஐந்தாவதாக ஒரு பெண்ணையும் தாண்டினேன். பாக்கு மரங்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. கீழே வளைவில் ஒரு தண்ணீர் டேங்கர். எனக்கும் அதற்கும் நடுவே மிஞ்சிய இடத்தை முழக்கோலால் அளந்துவிடலாம். மணலில் சறுக்கி, ஒரு காலைத் தரையில் உரசி, ஓடைக்கு முன்னால் நின்றேன். டேங்கர் ஓட்டுநர் என்னை ஒன்றும் திட்டவில்லை. சும்மா பார்த்தார். அது போதும். லீட் பையன் திரும்பி வந்து, “அங்கிள், ஏத்தத்துல மட்டும் இல்ல, எறக்கத்துலயும் வரிசை உண்டு” என்று தமிழில் சொன்னான். வங்காளிப் பிள்ளைக்கு இந்த அளவு தமிழ் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலையில் நான் ‘இருபத்தேழு’ என்றபோது அவன் சிரிக்காதது ஞாபகம் வந்தது.

பர்மா நாலாவில் மரங்கள் சட்டென்று விலகிக் கடல் வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடல் வற்றியிருந்ததால் கரையோரப் பாறைகள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. குட்டைகளில் தேங்கிய தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கடல்காற்று நேரே முகத்தில் அடித்தது. நிக்கோபாரிப் பையன் என் முன்னால் வந்து, பின்னால் ஒட்டி வரச்சொல்லிக் கையைக் காட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ இடைவெளியில் போனபோது காற்றின் சத்தமே குறைந்துவிட்டது. பந்தய சைக்கிள்காரர்கள் இப்படி ஒருவர் நிழலில் ஒருவர் போய் உழைப்பில் கால்வாசிக்கு மேல் மிச்சம் பிடிப்பார்களாம். நாங்கள் போன வேகத்துக்கு அவ்வளவெல்லாம் இருக்காது என்று மருமகன் பிற்பாடு சொன்னான். எனக்குப் போதுமானதாக இருந்தது.

நிக்கோபார் என்றதும் சைக்கிள் ஓட்டுகிற பிள்ளைகள் இரண்டு பெயரைச் சொல்கிறார்கள். கார் நிக்கோபாரில் பிறந்த டெபோரா ஹெரால்டு, 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது ஒன்பது வயதுச் சிறுமி. மரத்தில் தொற்றிக்கொண்டு பல நாள் பிழைத்துக் கிடந்தவர். 2015இல் 500 மீட்டர் டைம் டிரயல் தரவரிசையில் உலகத்தில் நாலாவது இடத்துக்குப் போனார். எசோ ஆல்பன் 2018இல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் கெய்ரின் பிரிவில் வெள்ளி வாங்கினார். சைக்கிளில் உலகப் போட்டி ஒன்றில் இந்தியா கண்ட முதல் பதக்கம் அது. அடுத்த வருஷம் அவரும் மணிப்பூர்ப் பையன்களும் சேர்ந்து டீம் ஸ்பிரிண்டில் தங்கமே வாங்கிவிட்டார்கள். டீம் ஸ்பிரிண்டில் மூன்று பேர். ஒரு சுற்று முடிய முதல் ஆள் விலகுவார், அடுத்த சுற்றில் இரண்டாவது ஆள். இரண்டு பேரும் காற்றைக் கிழித்துக் கொடுத்த வழியில் மூன்றாவது ஆள் போய் முடிப்பார். நிக்கோபாரிப் பையன் எனக்கு முன்னால் போனது அந்தக் கலையின் ஆரம்பப் பாடம்.

கோடியாகாட்டுக்குப் பிறகு வந்த ஏற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை. இறங்கித் தள்ளினேன். அக்காவும் இறங்கித் தள்ளினார். அவருக்கு இறங்க வேண்டிய அவசியம் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். “எனக்குப் பார் வச்ச சைக்கிள்தான் தம்பி சரிப்படும்” என்று பேச்சை வேறு பக்கம் திருப்பினார். அந்தக் காலத்தில் லேடீஸ் சைக்கிள் ஊரில் போதுமான அளவு கிடைக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளில் பழகிய பெண்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். காரணம், சீட்டிலிருந்து ஹேண்டிலுக்குப் போகும் அந்தக் குறுக்குக் கம்பி. அதில் பிள்ளையை உட்காரவைக்கலாம். பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை. “என் மூத்தவன் அந்தக் கம்பியிலதான் வளந்தான். அதுக்குத் துண்டு சுத்தி வச்சிருப்பேன், உறுத்தாம.”

ஏழே முக்காலுக்குச் சிடியா டாப்பு. சிடியா பறவை, டாப்பு தீவு. உண்மையில் தீவு இல்லை, தெற்கு அந்தமானின் தென்கோடி. அதற்கு மேல் ரோடு இல்லை. காட்டு மரங்கள் கடல்வரை இறங்கி வருகின்றன. கரையில் பட்டுப்போன அடிமரங்கள் வெளுத்துக் கிடந்தன. 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களில் இன்றைக்கும் கடல்தண்ணீர் நிற்கிறது, லம்பா லைனிலிருந்து வண்டூர் போகிற வழியில் பார்க்கலாம். முதலை எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. அதன்மேல் என் சைக்கிளைச் சாத்தினேன். ஸ்டாண்டு இல்லாத சைக்கிளுக்கு அரசாங்கம் செய்து கொடுத்த வசதி.

அக்கா தூக்கைத் திறந்தார். வாழையிலையில் கட்டிய இட்லிகள், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவியது. ஆளுக்கு இரண்டு. லீட் பையனுக்கு மூன்று. நிக்கோபாரிப் பையன் மிளகாய்ப்பொடியைத் தட்டிவிட்டுச் சாப்பிட்டதற்கு அவனுக்கு ஒரு திட்டு. கேரியர் இல்லாத சைக்கிள்காரர்கள் இருபத்தேழு பேரும் கேரியர் இருந்த ஒரு சைக்கிளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். இதை ஊருக்குப் போனதும் சைக்கிள் கம்பெனிக்காரர் யாராவது கிடைத்தால் சொல்ல வேண்டும்.

கை கழுவும்போது அக்காவிடம் திருமயத்தைச் சொன்னேன். விசிலையும், வேலியில் விழுந்த பெண்ணையும். அவர் தூக்கை அலசிக்கொண்டே கேட்டார்.

“எந்தப் பக்கம்? கோட்டை ரோட்டுலயா?”

“ஆமா.”

“அது நான் இல்ல. நாங்க அன்னவாசல்” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்தப் புள்ள எந்திரிச்சுத் திரும்ப ஓட்டுச்சா?” என்றார்.

ஓட்டினாள். சேலை கிழிந்திருந்தது. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி ஓட்டிக்கொண்டு போனாள்.

“அப்ப சரி” என்று தூக்கைக் கவிழ்த்துத் தண்ணீரை உதறினார்.

திரும்பி வரும்போது வெயில். அதைத் தவிர வேறு எதுவும் ஞாபகத்தில் தங்கவில்லை. தொடையில் இரண்டு முறை நரம்பு பிடித்துக்கொண்டது. இளநீர்க் கடையில் இரண்டு இளநீர். ஒவ்வோர் உச்சியிலும் அவர்கள் காத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் நான் வந்த பிறகு ஐந்து நிமிடம். காலையில் ‘சலோ’ என்று கையைத் தட்டிய அதே பையன்தான் இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு அங்கிள், உக்காருங்க” என்றான்.

பத்தே முக்காலுக்கு விமான நிலையச் சுவர் வந்தது. எல்லாரும் வரிசையாக நின்றிருந்தார்கள். எனக்கும் அக்காவுக்கும் கடைசியில் இடம் விட்டிருந்தார்கள். லீட் பையன் எண்ணச் சொன்னான். ஏக், தோ, தீன். பாதியில் சென்னை விமானமோ கல்கத்தா விமானமோ தலைக்குமேல் இரைந்துகொண்டு இறங்க, எண்ணிக்கை நின்றது. சத்தம் அடங்கிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வழியெல்லாம் பாடமாக்கிய சொல் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பச்சீஸ். சப்பீஸ். வாயைத் திறந்தேன்.

“இருபத்தேழு.”

யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து குரல் வந்தது.

“இருபத்தெட்டு.”

லீட் பையன் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, “டீக் ஹை, எல்லாரும் வந்தாச்சு” என்றான்.